உரிமம் இழந்தவர் வண்டி ஓட்டினால்: தண்டனையும் இழப்பீடும் பிரிந்த வரலாறு

சென்னையில் ஓடும் எந்தக் காரின் காப்பீட்டுப் பத்திரத்தைப் பிரித்தாலும் ஓட்டுநரைப் பற்றி ஒரு நிபந்தனை இருக்கும். விபத்து நேரத்தில் வண்டியை ஓட்டியவர் செல்லுபடியாகும் உரிமம் உடையவராக இருக்க வேண்டும். உரிமம் வைத்திருக்கவோ பெறவோ தகுதிநீக்கம் செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது. கச்சேரி சாலையில் பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கும் அடையாறு காந்தி நகரில் பெரிய கார் வைத்திருப்பவருக்கும் இதே நிபந்தனைதான். இது எங்கிருந்து வந்தது, நீதிமன்றங்கள் இதன் கடுமையை யார் பக்கம் திருப்பின, இன்னும் அடைபடாத ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் கட்டாயக் காப்பீடு கிடையாது. மோதியவன் ஏழையென்றால் அடிபட்டவன் குடும்பம் தெருவில் நிற்க வேண்டியதுதான். 1936-37இல் அமைக்கப்பட்ட மோட்டார் வாகனக் காப்பீட்டுக் குழு இந்த நிலையை ஆராய்ந்தது. அதன் பிறகு வந்த 1939ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. போர் குறுக்கிட்டதால் அந்த அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தின் 1930, 1934 சட்டங்களே அதற்கு முன்மாதிரி. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் 96ஆம் பிரிவு, தீர்ப்பான தொகையைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தியே ஆக வேண்டும் என்றது. கூடவே, எந்தெந்தக் காரணம் காட்டி நிறுவனம் விலகலாம் என்றும் பட்டியலிட்டது. உரிமமில்லாதவர் ஓட்டியது அதில் ஒன்று. தகுதிநீக்கக் காலத்தில் இருப்பவர் ஓட்டியது இன்னொன்று.

இந்தப் பட்டியலுக்குள் ஒரு முரண் ஒளிந்திருந்தது. தகுதிநீக்கம் என்பது ஓட்டுநருக்கான தண்டனை. அதை மீறி அவர் ஓட்டினால் சிறை உண்டு, அபராதம் உண்டு. ஆனால் காப்பீடு விலகிக்கொண்டால் அந்தத் தண்டனையின் பாரம் சாலையைக் கடந்துகொண்டிருந்தவர் தலையில் விழுகிறது. லஸ் முனையில் அடிபட்ட மூதாட்டிக்கு, தன்னை மோதியவரின் உரிமம் பறிபோனது எப்படித் தெரியும்? நாட்டிலேயே ஆபத்தான ஓட்டுநர் என்று அரசு அடையாளம் கண்ட ஒருவரால் காயமடைந்தவருக்குத்தான் பாதுகாப்பு மிகக் குறைவாக இருந்தது. பிரிட்டன் பின்னாளில் இதைச் சட்டத்திலேயே சரிசெய்துகொண்டது. அங்கே 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, உரிம நிபந்தனையைக் காட்டி மூன்றாம் நபரின் இழப்பீட்டை மறுக்க இடம் தருவதில்லை. இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் புதிய மோட்டார் வாகனச் சட்டமும் பழைய பட்டியலைப் பெரும்பாலும் அப்படியே 149ஆம் பிரிவாக எடுத்துக்கொண்டது. திருத்தும் வேலை நீதிபதிகளிடம் விடப்பட்டது.

அந்த வேலை மெதுவாகவே நடந்தது. 1956ஆம் ஆண்டுத் திருத்தம் இழப்பீட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழிவகுத்தது; சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறுவழக்குகள் நீதிமன்றமே இன்று அந்தத் தீர்ப்பாயமாகவும் இயங்குகிறது. 1959இல் உச்ச நீதிமன்றம், பட்டியலில் உள்ள காரணங்களைத் தவிர வேறெதையும் நிறுவனம் எழுப்ப முடியாது என்று எல்லை போட்டது. பட்டியலுக்குள் இருந்த காரணங்களை அப்போது யாரும் தொடவில்லை.

தொட்டது 1987இல் வந்த ஸ்காண்டியா இன்ஷூரன்ஸ் வழக்கு. உரிமமுள்ள ஓட்டுநர் ஒருவர் லாரி எஞ்சினை அணைக்காமல் தின்பண்டம் வாங்க இறங்கிப் போனார். உரிமமில்லாத கிளீனர் வண்டியை எடுத்தார், விபத்து நேர்ந்தது. நிபந்தனை மீறப்பட்டது என்றது நிறுவனம். மீறியது யார் என்று கேட்டது உச்ச நீதிமன்றம். உரிமையாளர் உரிமமுள்ளவரிடம்தான் வண்டியை ஒப்படைத்தார். அவர் அறிந்து எதையும் மீறவில்லை. ஆகவே நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும். என் பார்வையில் இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் இதுவே. ‘ஓட்டியவர் யார்’ என்பதோடு நின்றிருந்த விசாரணை ‘சாவியைக் கொடுத்தவர் என்ன செய்தார்’ என்பதற்கு நகர்ந்தது. 1996இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இதை உறுதிசெய்தது.

பிறகு போலி உரிமங்களின் காலம். 2001இல் உச்ச நீதிமன்றம் நடுவழி ஒன்றை வகுத்தது: நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். 2004 ஜனவரி 5 அன்று, தலைமை நீதிபதி வி.என். கரே தலைமையிலான அமர்வு, ஸ்வரண் சிங் வழக்கில் இதையெல்லாம் திரட்டி விதியாக்கியது. உரிமம் இல்லாமை, போலி உரிமம், தகுதிநீக்கம் ஆகியவை தம்மளவில் நிறுவனத்துக்குத் தப்பிக்கும் வழி ஆகா. உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்பதை நிறுவனம் மெய்ப்பிக்க வேண்டும். அந்த மீறல் விபத்துக்குக் காரணமாகும் அளவு அடிப்படையானதா என்றும் பார்க்க வேண்டும். அதே ஆண்டில் வந்த இன்னொரு தீர்ப்பு வசூலையும் எளிதாக்கியது: நிறுவனம் தனி வழக்குப் போட வேண்டியதில்லை, நிறைவேற்று மனு போதும், உரிமையாளரிடம் பிணை கேட்கலாம், விபத்துக்குள்ளான வண்டியையே ஜப்தி செய்யலாம்.

இதைக் கேட்டுவிட்டு, ‘எப்படியும் கம்பெனி கட்டிவிடும்’ என்று நிம்மதியடைபவர்கள் உண்டு. அது ஆபத்தான நிம்மதி. மேலே சொன்ன பரிவு முழுவதும் மூன்றாம் நபருக்கு மட்டுமே. சொந்த வண்டியின் சேதத்துக்கு ஸ்வரண் சிங் தீர்ப்பு பொருந்தாது என்று 2007இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உரிமையாளரே ஓட்டுநராக இருக்கும்போது கிடைக்கும் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடும் அப்படித்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டு உத்தரவைத் தொடர்ந்து, 2018 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்தத் தொகையை 15 லட்சமாக உயர்த்தியது. ஆனால் உரிமையாளரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருந்தால்தான் அது கிடைக்கும். தகுதிநீக்கக் காலத்தில் தன் வண்டியைத் தானே ஓட்டி இறந்தவரின் குடும்பம் அந்த 15 லட்சத்தை இழக்கிறது. அவர் மோதிய மூன்றாம் நபருக்கு நிறுவனம் கொடுத்த தொகையையும் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கேட்க முடியும். தன் உரிமம் பறிபோனது தனக்குத் தெரியாது என்று அவர் சார்பில் யாரும் வாதாட முடியாதே.

இதற்கிடையில் தகுதிநீக்கமே பெருகியது. அதற்குக் காரணமானவர் ஒரு தமிழ் மருத்துவர். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. மிகை வேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், கைபேசியில் பேசியபடி ஓட்டுதல் முதலியவற்றுக்கு உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்கும்படி அக்குழு 2015 ஆகஸ்டில் மாநிலங்களைப் பணித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தலைக்கவசம் அணியாமைக்கும், இருசக்கர வண்டியில் மூவர் செல்வதற்கும்கூட மூன்று மாதத் தகுதிநீக்கத்தை எழுதிவைத்தது. தகுதிநீக்கத்தை மீறி ஓட்டுவோருக்கு 182ஆம் பிரிவின் அபராதம் 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக ஏறியது. மூன்று மாதச் சிறையும் உண்டு. அத்தகையவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 180ஆம் பிரிவின்கீழ் 5,000. தமிழ்நாடு 2022 அக்டோபரில் புதிய தொகைகளை அமல்படுத்தியது.

ஆக, ஒருகாலத்தில் வெகு சிலருக்கே நேர்ந்த தகுதிநீக்கம், இன்று உஸ்மான் சாலையிலோ எல்.பி. சாலையிலோ பிடிபடும் சாதாரண ஆளுக்கும் நேரலாம். போக்குவரத்துக் காவலர் உரிமத்தை வாங்கி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்புகிறார். மந்தைவெளியிலோ திருவான்மியூரிலோ உள்ள அதிகாரி விளக்கம் கேட்டு, காரணத்தை எழுதி, உத்தரவு போட வேண்டும். முதல் தகவல் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, ஓட்டுநரின் விளக்கத்தைக் கேட்காமல் உரிமத்தை நிறுத்த முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் கண்டித்திருக்கிறது. அந்தக் கண்டிப்பு தேவையானது. உரிமம்தான் ஓட்டுநரின் சோறு.

ஆனால் முறையாகப் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு யாருக்குத் தெரிகிறது? ஓட்டுநருக்குத் தெரியும், அலுவலகத்துக்குத் தெரியும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மருத்துவமனைக்கும் கல்யாணத்துக்கும் ‘ஆக்டிங் டிரைவர்’ வைத்துக்கொள்ளும் மயிலாப்பூர், அடையாறு முதியவர்களுக்குத் தெரியாது. ஓட்டுநரை அனுப்பும் ஏஜென்சி வாட்ஸாப்பில் அனுப்பும் உரிமத்தின் படத்தில் தகுதிநீக்கம் தெரியாது. ஸ்வரண் சிங் தீர்ப்பு சொன்ன நியாயமான கவனம் என்பதன் எல்லை இங்கேதான் மங்குகிறது. தன்னிடம் வேலை செய்த ஓட்டுநரின் உரிமம் காலாவதியாகி மூன்று ஆண்டுகள் ஆகியும் பார்க்காத உரிமையாளரை 2020இல் உச்ச நீதிமன்றம் பொறுப்பாக்கியது. உரிமத்தைப் பார்த்து, ஓட்டும் திறனையும் சோதித்த உரிமையாளர் அலுவலகத்துக்கே போய் உண்மைத்தன்மையை விசாரிக்க வேண்டியதில்லை என்று 2022இல் சொன்னது. இரண்டும் நியாயமே. ஆனால் அட்டையைப் பார்த்தால் காலாவதி தெரியும்; தகுதிநீக்கம் தெரியாது. அரசின் சாரதி இணையதளத்தில் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் நிலை தெரிந்துவிடும் என்றிருக்கும்போது, அட்டையைப் பார்த்தது போதும் என்ற வாதம் எத்தனை நாள் நிற்கும் என்பது ஐயமே. அந்தக் கடமையை எழுபது வயது உரிமையாளரிடம் சுமத்துவதைவிட, ஓட்டுநர்களை அனுப்பிப் பணம் பெறும் ஏஜென்சிகளிடம் சட்டம் சுமத்த வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

2022 ஏப்ரல் 1 முதல் 149ஆம் பிரிவின் இடத்தில் 150 நிற்கிறது. தகுதிநீக்கம் பட்டியலில் அப்படியே இருக்கிறது. குடிபோதையும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ‘கொடுத்துவிட்டு வசூலி’ முறைக்குச் சட்ட ஆதாரமாகக் காட்டப்பட்டுவந்த பழைய 149(4)இன் காப்பு வாசகம் புதிய பிரிவில் இல்லை. தீர்ப்பாயங்களில் நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் இந்த இடைவெளியைப் பற்றிக்கொண்டு வாதிடலாம். 1987 முதல் நீதிபதிகள் தீர்ப்பு தீர்ப்பாகக் கட்டிய பாதுகாப்பை நாடாளுமன்றம் ஒரு துணைப்பிரிவாக எழுதிவிட்டால், அடிபட்டவர்கள் ஒவ்வொரு மேல்முறையீட்டிலும் அதை மறுபடி வென்றெடுக்க வேண்டிய நிலை இருக்காது.