தலைக்காயமும் அறுவை மருத்துவரின் பயிற்சியும்

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது தமிழர் வழக்கு. அச்சிரசைத் திறந்து மருத்துவம் செய்த கதையொன்றும் தமிழரிடையே உண்டு. தீராத தலைவலியால் வருந்திய அரசன் ஒருவனின் மண்டையை அகத்தியர் திறந்தார். உள்ளே மூளையின்மேல் தேரை ஒன்று அமர்ந்திருந்தது. அதனை எடுக்கும் வகையறியாது குரு தயங்கி நிற்க, அருகிருந்த மாணாக்கர் நீர் நிறைந்த கிண்ணத்தைக் காட்டினார். தேரை நீரில் குதித்தது. அம்மாணாக்கரே தேரையர் எனப் பெயர் பெற்றார் என்பர். இது வரலாறு அன்று, செவிவழிக் கதையே. ஆயினும், இக்கலை குருவின் அருகே நின்று மாணாக்கன் கற்பதால் வளர்வது என்னும் உண்மை அதில் பொதிந்துள்ளது. கோலாலம்பூரில் இக்கலை வேரூன்றிய வரலாறு அதற்குச் சான்றாகும்.

தலைக்காயத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடைந்த எலும்பு அன்று, அதன் பின்விளைவே. காதுக்கு மேலுள்ள எலும்பு முறியும்போது, அதன் உட்புறத்தே ஓடும் குருதிக் குழாய் கிழிபடலாம். அடிபட்டவர் சற்றே மயங்கிப் பின் தெளிந்து பேசுவதும் உண்டு. சுற்றத்தார் ஆறுதல் கொள்வர். அவ்வேளையில் எலும்புக்கும் மூளையுறைக்கும் இடையே குருதி தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருக்கும். சில மணி நேரத்தில் மீண்டும் மயக்கம் வரும், ஒரு கண்ணின் பாவை விரியும், மூச்சுத் தடுமாறும். முதியோர்க்குச் சிறு அடியால் உண்டாகும் கசிவு பல வாரங்கள் கழித்தும் தலைகாட்டும். மூளை வீக்கம், சீழ், வலிப்பு ஆகியவையும் பின்விளைவுகளே.

தேங்கிய குருதியை உரிய நேரத்தில் வெளியேற்றினால் பலர் பிழைப்பர். எனவே இடையில் தோன்றும் தெளிவைக் கண்டு ஏமாறாத கண்ணும், காலம் தாழ்த்தாத கையும் மருத்துவருக்கு வேண்டும். இவை நூலறிவால் மட்டும் வாரா.

இந்தியாவில் இப்பயிற்சிக்கு வித்திட்ட இடங்கள் இரண்டும் தமிழ்நாட்டில் அமைந்தன. கனடாவில் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ரோபோத்தமிடம் பயின்ற பா. இராமமூர்த்தி, 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் அத்துறையை நிறுவினார். ரோபோத்தம் தலைக்காயம் பற்றித் தனிநூலே எழுதியவர்.

மலேசியா உருவான 1963ஆம் ஆண்டிலேயே, கோலாலம்பூர் மருத்துவமனையில், பின்னாளில் துங்கு அப்துல் ரகுமான் பெயர் தாங்கிய நரம்பியல் நிலையமாக விரிந்த நரம்பு அறுவைப் பிரிவு தோன்றியது. கொழும்புத் திட்டத்தின்கீழ் இந்திய அறுவை மருத்துவர்கள் வந்து அதனை நடத்த உதவினர். வேலூரைச் சேர்ந்த ஜேக்கப் ஆபிரகாம் அவர்களுள் ஒருவர்.

மருத்துவர் வந்தால் மட்டும் போதுமா? அடிபடுவோர் தொகையும் குறைதல் வேண்டுமன்றோ? 1935இல் 'அரேபியா லாரன்ஸ்' மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்டபோது, அவருக்கு மருத்துவம் செய்தவர்களுள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்பவரும் இருந்தார். பின்னர் அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் எடுத்துரைத்தார். மலேசியாவில் தலைக்கவச விதிகள் 1973இல் வந்தன. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், 1970களிலேயே மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித்தடம் அமைக்கத் தொடங்கினர்.

1974இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்களான டீஸ்டேல், ஜென்னட் இருவரும், நோயாளியின் உணர்வுநிலையை அளக்கும் முறையை வகுத்தனர்; பின்னர் அது 3 முதல் 15 வரை எண்ணால் குறிக்கும் முறையாயிற்று. கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றே அதற்கு அளவை. கிள்ளானில் நோயாளியைக் காணும் இளம் மருத்துவர், கோலாலம்பூரிலுள்ள வல்லுநருக்குத் தொலைபேசியில் அவ்வெண்ணைச் சொன்னாலே நிலைமை விளங்கும். எண் குறைந்துகொண்டே போனால் ஆபத்து நெருங்குகிறது என்பது பொருள்.

ஆயினும் உள்நாட்டில் முறையான நரம்பு அறுவைப் பட்டப்பயிற்சி தோன்ற நெடுநாள் ஆயிற்று. 2001இல்தான் கிளந்தானிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி அதனைத் தொடங்கியது. விருந்தினராக வந்த மருத்துவர் ஒருநாள் தம் நாடு திரும்புவர். அவரிடமும் பிறரிடமும் கற்றவர் இங்கே தங்கிப் பிறர்க்கும் கற்பிப்பாராயின், நள்ளிரவில் அடிபட்டு வருபவருக்கு உரிய நேரத்தில் ஒரு கை கிட்டும். தேரையர் கதையிலும் அரசனைக் காத்தது குருவின் புகழ் மட்டும் அன்று. அருகே நின்று கற்ற மாணாக்கரின் சமயோசிதமுமே ஆகும்.