தீர்மானம்

பாட்டைத் தொடங்குவது எளிது, முடிப்பதுதான் கடினம். மிருதங்க வித்துவான் ஒரு சொற்கட்டை மும்முறை வாசித்து முடிப்பதற்குத் தீர்மானம் என்று பெயர். பொருத்தமான பெயர்தான், எங்கே முடிப்பது என்பதை எவரேனும் தீர்மானித்தாக வேண்டுமன்றோ?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களைக் கடந்து சென்றால் தேவிகுளம் வரும். 1958-இல் அங்கு நடந்த இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அவருக்காகத் தோட்டத் தொழிலாளரிடையே பாடியவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன். அவருடைய குழுவில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவரே தம்பி இளையராஜா. தேர்தல் மேடையில் பேச்சாளர் வரத் தாமதித்தால் பாட்டு நீள வேண்டும். அவர் வந்துவிட்டாலோ அடுத்த அடியிலேயே முடிய வேண்டும். ஆகவே பக்கவாத்தியக்காரரின் கண் பாடுகிறவர் முகத்தை விட்டு அகலலாகாது.

இந்த உரிமையை இசைத்தட்டு முன்பே குறுக்கியிருந்தது. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடந்தான். 1902-இல் கல்கத்தாவில் பதிவுக்குப் பாடிய கௌஹர் ஜான், அதற்குள் பாட்டையும் முடித்துத் தம் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார்! தட்டு அச்சாகும் அயல்நாட்டில் பாடியவர் இன்னாரென்று தெரிய வேண்டுமே.

1990-இல் வெளிவந்த ‘பேண்ட் இன் எ பாக்ஸ்’ என்னும் கணினி நிரல், பாட்டின் சுரச் சேர்க்கைகளைக் குறித்துக் கொடுத்தால் பக்கவாத்தியம் முழுவதையும் தானே வாசிக்கும். வல்லமை மிக்க கருவியே, மறுக்கவில்லை. ஆயினும் பல்லவியை எத்தனை முறை பாடுவது, முடிவு எங்கே என்பதை எவரேனும் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மேடையில் பாடுகிறவர் இன்னொரு முறை பல்லவிக்குத் திரும்ப விரும்பினால், அது அவர் முகத்தைப் பாராது. எவரும் சொல்லாவிட்டால் குறித்த இடத்தில் முத்தாய்ப்பு வைத்து நின்றுவிடும்.