கரகரத்த பெட்டி

2009-ம் வருஷம் கோடை விடுமுறைக்கு என் தங்கையின் பேரன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். பத்து வயசு. கையோடு ஒரு கிடாரும் கொண்டு வந்தான். ‘பரவாயில்லையே, பிள்ளைக்குச் சங்கீதத்தில் நாட்டம் இருக்கிறதே!’ என்று ஆசையாக வாங்கிப் பார்த்தேன். முழுக்கப் பிளாஸ்டிக். தந்தி ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பொத்தான்கள். அது வாத்தியமே அல்ல, டெலிவிஷனில் ஆடும் விளையாட்டுக்கான கருவி என்று பிறகுதான் தெரிந்தது. ‘கிடார் ஹீரோ’ என்று பெயராம். 2005-ல் வெளிவந்து உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் பிடித்து ஆட்டிய விளையாட்டு. திரையில் வர்ணப் புள்ளிகள் நம்மை நோக்கி உருண்டு வரும். எந்த வர்ணம் வருகிறதோ அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டு, வலது கையால் ஒரு சின்னக் கட்டையைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் பாட்டு தொடரும். தவறிக்கொண்டே போனால் திரையில் இருக்கும் ஜனக்கூட்டம் கூச்சல் போட்டு நம்மை மேடையிலிருந்து இறக்கிவிடும்.

“தாத்தா, நீங்க வாசிங்க” என்றான். வாசித்தேன். ஒரு நிமிஷத்தில் இறக்கிவிட்டார்கள்.

அவமானத்தை மறைக்க ஏதாவது குறை சொல்ல வேண்டுமல்லவா? “உன் பாட்டே சரியில்லையடா. ஸ்பீக்கர் கிழிந்துபோன மாதிரி கரகரவென்று கேட்கிறதே” என்றேன்.

“அது அப்படித்தான் இருக்கணும் தாத்தா” என்று சிரித்தான்.

அந்தப் பதில் என் மனசில் தைத்துவிட்டது. கிழிந்த ஸ்பீக்கரின் சப்தம் எப்போது ‘இருக்க வேண்டிய’ சப்தமாயிற்று? யார் அப்படித் தீர்மானித்தார்கள்? இதைத் தேடிப் போனதில் நான் படித்துத் தெரிந்துகொண்ட சரித்திரம் நாவலைவிட ருசியாக இருந்தது.

கிடார் இயல்பிலேயே மெல்லிய குரல் உள்ள வாத்தியம். கூடத்தில் நாலு பேருக்கு வாசிக்கலாம். எக்காளமும் முரசும் முழங்கும் நடன வாத்தியக் கோஷ்டியின் நடுவே அதை வாசித்தால், வாசிப்பவருக்கே காது கேட்காது. 1915-ல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஹவாய் தீவுக்காரர்கள் மடியில் கிடத்தி இழைத்து வாசித்த கிடாரைக் கேட்டு அமெரிக்கா மயங்கிற்று. ஆனால் பெரிய மண்டபங்களில் அந்த மயக்கம் முதல் வரிசையோடு நின்றுவிடும். ஜார்ஜ் பீச்சம் என்ற ஹவாய்க் கிடார் வித்வான், அடால்ப் ரிக்கன்பாக்கர் என்ற தொழிற்சாலைக்காரரோடு சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார். 1931-ல் உருவாகி 1932-ல் விற்பனைக்கு வந்த அந்தக் கிடார் பார்க்க வாணலி மாதிரி இருக்கும். ‘வாணலி’ என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். எஃகுத் தந்திகளுக்குப் பக்கத்தில் ஒரு காந்தமும் கம்பிச் சுருளும். தந்தி அதிர்ந்தால் சுருளில் அதே தாளத்தில் மிக மெல்லிய மின்சாரம் ஓடும். அவ்வளவுதான் தந்திரம். 1937-ல் பேடண்டு கிடைத்தது.

அந்த மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கிக் கொடுக்கத்தான் வால்வு வேண்டும். என் வயசுக்காரர்களுக்கு வால்வை விளக்க வேண்டியதில்லை. வீட்டு ரேடியோவைத் திருகிவிட்டு, உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் செக்கச்செவேலென்று சூடேறும் வரை காத்திருந்தவர்கள் நாம். இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குமிழுக்குள் ஓர் உலோகத்தைச் சுட வைத்தால், அதிலிருந்து எலெக்ட்ரான்கள் எதிரே உள்ள தகட்டை நோக்கிப் பாயும். 1904-ல் இங்கிலாந்தில் ப்ளெமிங் செய்த வால்வு இவ்வளவுதான். 1906-ல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். மதகை ஒரு விரற்கடை அசைத்தால் வாய்க்காலின் வெள்ளமே கூடிக் குறைவதில்லையா? அதுபோல வலையில் வரும் சின்ன அசைவு, தகட்டில் பெரிய அசைவாகிவிடும். தந்தியின் முணுமுணுப்பு ஸ்பீக்கரில் முழக்கமாயிற்று.

1939-ல் சார்லி கிறிஸ்டியன் என்ற நீக்ரோ இளைஞர் பென்னி குட்மனின் கோஷ்டியில் சேர்ந்து, எக்காளக்காரர்களுக்குச் சமமாக உட்கார்ந்து தனி ஆவர்த்தனம் வாசித்தார். மின்சாரக் கிடாருக்குச் சபையில் நாற்காலி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். 1942-ல் க்ஷயரோகத்தில் மாண்டபோது வயசு இருபத்தைந்து.

இதுவரை எல்லோருடைய லட்சியமும் ஒன்றுதான்: கொடுத்த சப்தத்தை மாசு மறுவில்லாமல் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். கலிபோர்னியாவில் புல்லர்ட்டன் என்ற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்த லியோ பெண்டரும் இதே கட்சி. கணக்கெழுதும் வேலை போனபின் கடை வைத்தவர். கடைசி வரை கிடார் வாசிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஆனால் அவர் செய்த டெலிகாஸ்டரும், 1954-ன் ஸ்ட்ராட்டோகாஸ்டரும், 1952-ல் வந்த ‘பாஸ்மன்’ ஆம்ப்ளிபயரும் உலகத்து வித்வான்களின் கையில் போய்ச் சேர்ந்தன. சுத்தமான சப்தம் வேண்டும் என்றே அவர் பாடுபட்டார். வாங்கியவர்களோ குமிழைக் கடைசி வரை திருகினார்கள்.

கடைசி வரை திருகினால் என்ன ஆகும்? வால்வுக்கும் சக்தி உண்டு, அதற்கு மேல் ஏறாது. ஒலி அலையின் உச்சி மழுங்கிவிடும். மழுங்கிய அலையில் மூல சுருதியோடு மேல் ஸ்வரங்கள் பலவும் புகுந்துகொள்ளும். நாதம் கரகரக்கும், கனக்கும், சட்டென்று அணையாமல் நீண்டு நிற்கும். என்ஜினீயர்கள் இதைப் ‘பழுது’ என்றார்கள்.

1951-ல் மெம்பிஸ் நகரத்தில் ‘ராக்கெட் 88’ என்ற பாட்டைப் பதிவு செய்யப் போன கோஷ்டியின் ஆம்ப்ளிபயர் வழியில் கெட்டுப்போயிற்று. காரிலிருந்து விழுந்தது என்று ஒரு கதை. மழையில் நனைந்தது என்று இன்னொரு கதை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்த இடத்தில் கந்தல் காகிதத்தைத் திணித்துக்கொண்டு வாசித்தார்கள். பதிவு செய்த சாம் பிலிப்ஸ், ‘போய் வேறு பெட்டி கொண்டுவா’ என்று சொல்லவில்லை. அந்தக் கரகரப்பு அவருக்குப் பிடித்துவிட்டது. பாட்டு பிய்த்துக்கொண்டு போயிற்று.

பிறகு குறையைத் தேடியே போனார்கள். 1958-ல் லிங்க் ரே, ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டு ‘ரம்பிள்’ வாசித்தார். அதில் வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் பையன்களைச் சண்டைக்குக் கிளப்பும் என்று சில ரேடியோ நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. 1961-ல் வெளிவந்த ஒரு நாஷ்வில் இசைத்தட்டில், பதிவு யந்திரத்தின் கோளாறால் கிடார் குளவி மாதிரி ரீங்கரித்தது. அந்த என்ஜினீயர் கோளாறைச் சரிசெய்ததோடு நிற்காமல், அதே கோளாறை வேண்டும்போது உண்டாக்க ஒரு சின்னப் பெட்டியும் செய்தார். 1962-ல் அது கடைக்கு வந்தது. 1964-ல் லண்டனில் பதினேழு வயசு டேவ் டேவிஸ், சவர பிளேடால் ஸ்பீக்கரைக் கீறிவிட்டே ‘கிங்க்ஸ்’ கோஷ்டியின் புகழ்பெற்ற பாட்டை வாசித்தார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே தம்புராவின் ஞாபகமும் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. குதிரையின் மேல் தந்திக்கு அடியில் சின்ன நூலொன்றை நாம் செருகுவது எதற்காக? தந்தி சுத்தமாக அதிராமல், குதிரையை உரசி உரசி ரீங்கரிப்பதற்காக. மேல் ஸ்வரங்கள் எழும்புவதற்காக. அந்த நூலுக்கு நம் பெரியவர்கள் ‘ஜீவா’ என்று பெயர் வைத்தார்கள். பழுது என்று அவர்கள் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் அமெரிக்க ஆம்ப்ளிபயருக்கு யானை விலை. மேற்கு லண்டனில் ஹான்வெல் என்ற இடத்தில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் என்ற டிரம் வாத்தியார், கென் பிரான் என்ற ரிப்பேர்க்காரரையும் டட்லி கிரேவன் என்ற பயிற்சித் தொழிலாளியையும் வைத்துக்கொண்டு, 1962-ல் பெண்டரின் பாஸ்மனைப் பார்த்து ஒரு பெட்டி செய்தார். உள்ளூரில் கிடைத்த சாமான்கள் வேறு. அதனால் குரலும் வேறாகி, இன்னும் சீக்கிரமாகக் கரகரத்தது. அதற்குத்தான் கியூ நின்றது. டார்ட்போர்டில் செய்யப்பட்ட ‘வாக்ஸ் ஏ.சி.30’ பெட்டியைப் பீட்டில்ஸ் வாசித்தார்கள். அதன் உயிர் நாலு ஈ.எல்.84 வால்வுகள்.

ஈ.எல்.84! அந்தப் பெயரைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். அப்பாவின் ரேடியோவில் இருந்த வால்வு அல்லவா அது! அக்காலத்தில் பல வீட்டு ரேடியோக்களில் இருந்ததுதான். எங்கள் ரேடியோ நாகஸ்வரம் வந்தால் மட்டும் லேசாகக் கரகரக்கும். “ரிப்பேருக்குக் கொடுங்களேன்” என்று அம்மா சொல்லுவாள். “நல்லாத்தானே கேக்குது” என்பார் அப்பா. அவர் காலமான பின் வீட்டுக்கு டிரான்சிஸ்டர் வந்தது. சுத்தமாகக் கேட்டது. பழைய பெட்டியை நான்தான் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டேன். கொடுத்த காசு எவ்வளவு என்பதுகூட நினைவில்லை.

நான் செய்ததைத்தான் உலகமும் செய்தது. 1947-ல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகு வால்வுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. சோவியத் ராணுவம் மட்டும் விடவில்லை. 1976-ல் பெலெங்கோ என்ற விமானி மிக்-25 விமானத்தோடு ஜப்பானுக்கு ஓடி வந்தபோது, அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் ராடாரில் வால்வு இருக்கக் கண்டு வியந்தார்கள். பிற்பாடு கிடார்க்காரர்களைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான். வோல்கா நதிக்கரையில் சரடோவ் நகரத்துத் தொழிற்சாலை அமெரிக்க ராக் கோஷ்டிகளுக்கு வால்வு செய்து கொடுத்தது. சீனா, ஸ்லோவாக்கியா, ருஷ்யா என்று மூன்று தேசங்களை நம்பியே பெரும்பாலும் அந்த நாதம் பிழைத்திருந்தது. 2022-ல் உக்ரேன் யுத்தம் தொடங்கியதும் ருஷ்ய ஏற்றுமதிக்குத் தடை வந்தது. உலகெங்கும் கிடார்க்காரர்கள் அலறியடித்துக்கொண்டு வால்வு வாங்கிப் பதுக்கினார்கள்.

‘கிடார் ஹீரோ’வின் ஆட்டமும் நெடுநாள் நீடிக்கவில்லை. நூறு கோடி டாலருக்கு மேல் விற்ற பாகமும் அதில் உண்டு. ஆனாலும் 2011-ல் அந்தக் கம்பெனி அந்தப் பிரிவையே மூடிவிட்டது. 2015-ல் மறுபடி கிளப்பிப் பார்த்தது. எனக்கு அந்த விளையாட்டின் மேல் கோபமில்லை. அதில் ஒரே ஒரு குறைதான் உண்டு. தவறு செய்தால் கூச்சல்தான் கிடைக்கும். சாம் பிலிப்ஸைப் போல, ‘இருக்கட்டும், அது நன்றாயிருக்கிறது’ என்று சொல்ல அதற்குத் தெரியாது.

பையன் இப்போது பெரியவனாகிவிட்டான். நிஜக் கிடார் வாசிக்கிறான். தந்தி அழுத்தி விரல் நுனி காய்த்துப் போயிருக்கிறது என்று போட்டோ அனுப்பியிருந்தான். பழைய வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்று வாங்கியிருக்கிறானாம். போன மாசம் டெலிபோனில் பேசும்போது கேட்டான்:

“தாத்தா, கொள்ளுத்தாத்தாவோட ரேடியோ இருந்துதாமே, பாட்டி சொன்னா. அது இன்னும் இருக்கா?”

எடைக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. “தேடிப் பார்க்கிறேனப்பா” என்று சொல்லி வைத்திருக்கிறேன்.