கொழுப்பு போன வழியும் சர்க்கரை வந்த வழியும்

அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளின் குளிர்பெட்டிகளில் ‘குறைந்த கொழுப்பு’ என்ற முத்திரையோடு வரிசையாக நிற்கும் ஸ்ட்ராபெரி யோகர்ட் கிண்ணங்களை ஆரோக்கியத்தின் அடையாளமாகவே நாம் பார்க்கப் பழகியிருக்கிறோம். அந்தக் கிண்ணத்திற்குப் பின்னே ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அது புளிப்பில் தொடங்குகிறது.

1905ஆம் ஆண்டு ஜெனீவாவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த பல்கேரிய இளைஞர் ஸ்டாமென் கிரிகொரோவ், தம் நாட்டு யோகர்ட்டைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியத்தைக் கண்டறிந்தார். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வு செய்துவந்த இலியா மெச்னிகோவ் அதைத் தம் கருத்துக்கு ஆதாரமாகக் கொண்டார். பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்களே முதுமையை விரைவுபடுத்துகின்றன, புளித்த பால் அவற்றை அடக்கும் என்பது அவர் நம்பிக்கை. தாமும் அதை நாள்தோறும் அருந்திய அவர், 1916இல் 71ஆம் வயதில் மறைந்தார். எனினும் அந்த நம்பிக்கை நிலைத்தது. 1919இல் பார்சலோனாவில் ஐசக் கராசோ ‘டானோன்’ என்று மகன் டானியலின் செல்லப்பெயரிட்டு யோகர்ட் தயாரித்தபோது, அது மருந்துக் கடைகளில்தான் விற்கப்பட்டது.

போர்க்காலத்தில் அமெரிக்கா சென்ற டானியல், 1942இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தொழிலைத் தொடங்கினார். அமெரிக்க நாவுக்குப் புளிப்பு பிடிக்கவில்லை. ஆகவே 1947இல் கிண்ணத்தின் அடியில் இனிப்பிட்ட ஸ்ட்ராபெரிக் கூழ் இடம்பெற்றது. பிராகா நகரத்துப் பால்பண்ணை ஒன்று 1933இலேயே யோகர்ட் கெடாமலிருக்கப் பழப்பாகு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தது. அங்கே காவலுக்கு வந்த பழம், இங்கே சுவைக்கு வந்தது.

1977இல் செனட்டர் மெக்கவர்ன் தலைமையிலான குழு, கொழுப்பு, சர்க்கரை இரண்டையும் குறைக்குமாறு அமெரிக்கர்களுக்குப் பரிந்துரைத்தது. சந்தை முதலாவதையே பெரிதாகப் பற்றிக்கொண்டது. கொழுப்பை நீக்கினால் யோகர்ட்டின் வழவழப்பு குறையும், புளிப்பு முன்னுக்கு வரும். முதற்குறையைப் பால்பொடியும் மாவுப்பொருளும் பெக்டினும் ஈடுசெய்தன. இரண்டாவதைச் சர்க்கரை மறைத்தது.

அமெரிக்க வேளாண்துறையின் உணவு அட்டவணையைப் பார்ப்போம். 100 கிராம் முழுக்கொழுப்பு வெறும் யோகர்ட்டில் கொழுப்பு 3.25 கிராம், சர்க்கரை 4.7 கிராம், ஆற்றல் 61 கலோரி. அதே அளவு பழச்சுவையூட்டிய குறைந்த கொழுப்பு யோகர்ட்டில் கொழுப்பு 1.1 கிராம், சர்க்கரை 19 கிராம், ஆற்றல் 102 கலோரி. கொழுப்பு நீங்கியதால் குறைந்தது ஏறத்தாழ 20 கலோரி. சர்க்கரை கூடியதால் ஏறியது ஏறத்தாழ 57. புரதமும் கால்சியமும் சற்றே கூடுதல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உடல் எடைக்கு அஞ்சி இந்தக் கிண்ணத்தைத் தேர்ந்தவர், தவிர்க்க நினைத்ததைவிட அதிகமாகவே உண்டிருக்கிறார்.

இது நெடுங்காலம் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் உண்டு. 1990இல் இயற்றப்பட்ட சட்டம் ஊட்டச்சத்துப் பட்டியலைக் கட்டாயமாக்கியபோதும், பாலில் இயல்பாக உள்ள சர்க்கரையும் ஆலையில் சேர்த்த சர்க்கரையும் ஒரே வரியில் கலந்தே நின்றன. சேர்த்த சர்க்கரையைத் தனியே காட்டவேண்டும் என்ற விதி 2016இல் வந்தது. பெரிய நிறுவனங்கள் அதற்கு உட்பட்டது 2020இல்தான்.

நீக்கியதைக் கிண்ணத்தின் முகப்பு சொல்கிறது. சேர்த்ததை அறிய நாம் அதைத் திருப்பித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.