சிறுதேரும் மேசைப்போரும்

மனிதன் ஏறிச் செல்லும் ஊர்தியைச் செய்யக் கற்றதுபோலவே, ஏறிச் செல்லவியலாத ஊர்தியையும் பண்டுதொட்டுச் செய்து வந்துள்ளான். சிந்துவெளி அகழ்வுகளிற் கிடைத்த சுடுமண் வண்டிகள் இதற்குச் சான்றாகும். அச்சிற்றூர்தி ஒருபுறம் குழந்தையின் கைப்பொருளாகவும், மறுபுறம் பலகைமீது நிகழும் போரில் ஒரு காயாகவும் வளர்ச்சியுற்றது. இன்று மேசைமீது ஆடப்படும் போர் விளையாட்டிற் பங்குகொள்ளும் சின்னஞ்சிறு பந்தயக் கார் இவ்விரு மரபுகளும் வந்து கூடிய இடமெனலாம். அதற்கு வண்ணந் தீட்டுதல் வெறும் பொழுதுபோக்கெனத் தோன்றினும், அதன் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. ஊர்தியின்மீது நிறம் அழகுக்காக மட்டும் பூசப்பட்டதன்று. ஊர்ந்தவன் எவர் பக்கத்தவன் என்பதை அறிவிக்கவும் பூசப்பட்டது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழிலக்கியத்தில் விளையாட்டு ஊர்தி மிகப் பழைமையானது. தச்சன் செய்து தந்த சிறுவண்டியில் ஏறிச் செல்லவியலாத போதும், அதனைக் கையால் ஈர்த்து இன்புறும் சிறுவரைக் குறுந்தொகையின் 61ஆம் பாடல் உவமையாகக் காட்டுகின்றது. பெரும்பாணாற்றுப்படை உழவர்தம் சிறார் உருட்டித் திரியும் தேரைக் கூறுகின்றது. பட்டினப்பாலையோ குதிரையின்றி உருளும் மூன்று சக்கரத் தேரைக் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் நிறுத்துகின்றது. கோழியை விரட்ட எறிந்த காதணி அத்தேரின் வழியை மறித்துக் கிடக்கின்றது. பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமாகச் சிறுதேர்ப் பருவம் அமைந்தமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. வடமொழியில் சூத்திரகர் இயற்றிய நாடகம் ஒன்று குழந்தையின் களிமண் வண்டியையே தன் பெயராகக் கொண்டது. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அதனை 'மண்ணியற் சிறுதேர்' எனத் தமிழாக்கினார். பொன்வண்டி வேண்டி அழும் பிள்ளையின் மண்வண்டியை அந்நாடகத்தின் தலைவி தன் நகைகளால் நிரப்புகின்றாள். பொருளின் மதிப்பு அது செய்யப்பட்ட பொருளில் இல்லை, அதன்மேல் ஒருவர் வைத்த அன்பிலேயே உளது என்பதை அக்காட்சி புலப்படுத்துகின்றது.

இனி, போர் விளையாட்டின் மரபை நோக்குவோர்க்கு முதலில் எதிர்ப்படுவது சதுரங்கமாகும். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையையும் எட்டுக்கு எட்டான கட்டங்களிற் கொண்டுவந்து நிறுத்திய இவ்விளையாட்டு, இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் சென்றது. சென்றவிடமெல்லாம் தேர் தன் வடிவை இழந்தது. ஐரோப்பியர் அதனைக் கோட்டையாக்கினர். உருசியரும் வங்காளியரும் அதனைப் படகென்றனர். தேர்ப்படை வழக்கொழிந்த நாடுகளில், ஆடுவோர் தாம் கண்டறிந்த பொருளை அக்காய்க்குப் பெயராக்கினர் எனக் கருதலாம். சீனர் தம் சதுரங்கத்தில் அதனைத் தேராகவே வைத்துக்கொண்டனர். அவர்தம் மொழியில் தேரைக் குறித்த அதே எழுத்து இன்று மோட்டார் வண்டியையும் குறிப்பது சுவையான செய்தியாகும். மேசைப்போரிற் கார் புகுந்தமை புதுமையன்று, தேர் தன் பழைய இடத்துக்கு மீண்டமையே என்று கூறுதற்கு இது இடந்தருகின்றது.

தேருக்கும் நிறத்துக்கும் உள்ள தொடர்பை உரோமர் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. அவர்தம் தேர்ப்பந்தயங்களிற் சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம் என நான்கு அணிகள் இருந்தன. தேரோட்டி அணிந்த நிறமே மக்களின் பற்றுக்கு நிலைக்களமாயிற்று. காலப்போக்கில் நீலரும் பச்சையருமே வலிமை பெற்றனர். கி.பி. 532ஆம் ஆண்டு கொன்ஸ்தாந்திநோபிளில், சஸ்தீனியன் பேரரசனுக்கு எதிராக இவ்விரு அணியினரும் ஒன்றுசேர்ந்து கிளர்ந்தெழுந்தனர். பந்தயத் திடலிலேயே படையினர் அவர்களை வெட்டி வீழ்த்தினர். மாண்டோர் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் என அக்கால வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியஸ் கூறுகின்றார். விளையாட்டுக்காகப் பூசிய நிறம் குருதிக்குக் காரணமாகவுங் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மோட்டார்ப் பந்தயம் தோன்றியபோது நிறம் மீண்டும் முதன்மை பெற்றது. 1900இல் தொடங்கிய கோர்டன் பெனற் கிண்ணப் போட்டியில் நாட்டுக்கொரு நிறம் வகுக்கப்பட்டது. பிரான்சு நீலத்தையும், பெல்ஜியம் மஞ்சளையும், ஜேர்மனி வெள்ளையையும் கொண்டன. 1903ஆம் ஆண்டுப் போட்டி அயர்லாந்தில் நடைபெற்றமையாற் பிரித்தானியக் கார்கள் பச்சை நிறம் பூண்டன. அப்பச்சை பின்னர் அந்நாட்டின் பந்தய நிறமாகவே நிலைபெற்றது. 1968இன் பின்னர் விளம்பரந் தரும் நிறுவனங்களின் நிறங்கள் கார்களை மூடின. நாட்டின் அடையாளம் வணிகரின் அடையாளத்துக்கு இடங்கொடுத்தது. தமிழ்நாட்டில், போர்க்கால விமான ஓடுதளமாயிருந்த சோழவரம் பந்தயக் களமாயிற்று. போருக்கென அமைந்த நிலம் விளையாட்டுக்குத் திரும்பியமைக்கு அஃது ஓர் உதாரணமாகும்.

ஆடுகாய்களைக் கொண்டு போரைப் பயிலும் முறை பிரசிய நாட்டிற் சீர்பெற்றது. ரைஸ்விற்ஸ் என்பார் 1812இல் அத்தகைய மேசை ஒன்றை அமைத்தார். அவர்தம் மைந்தர் 1824இல் அதன் விதிகளைத் திருத்தி வெளியிட, அது படையதிகாரிகளின் பயிற்சியாயிற்று. ஈயப் படைவீரரைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் முறையை ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'சிறிய போர்கள்' என்னும் பொருள்படும் நூலாக எழுதினார். உண்மைப் போரினும் பொம்மைப் போரே மேலானது என்பது அந்நூலின் முடிபாகும். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது.

சிறிய கார்களின் பெருக்கம் இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிகழ்ந்தது. 1947இல் இலண்டனில் நிறுவப்பெற்ற லெஸ்னி நிறுவனம் 1953இல் 'மாட்ச்பொக்ஸ்' வரிசையை வெளியிட்டது. அந்நிறுவனத்தைச் சார்ந்த ஜாக் ஓடெலின் மகள் படித்த பள்ளி, தீப்பெட்டியுள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே அனுமதித்தமையால் அப்பெயர் தோன்றிற்று என்பர். 1968இல் அமெரிக்காவில் 'ஹொட் வீல்ஸ்' வெளிவந்தது. அச்சில் வார்க்கப்பட்டு ஒன்றுபோல் வெளிவரும் இக்கார்களையே 2017இல் வெளியான 'காஸ்லண்ட்ஸ்' என்னும் மேசைப்போர் தன் காய்களாக ஏற்றுக்கொண்டது. அழிவுற்ற உலகொன்றில் துப்பாக்கி பூட்டிய கார்கள் பந்தயமோடுகின்றன. வளைவும் நேருமாக வெட்டிய அட்டைகள் அவற்றின் வழியை அளக்கின்றன. பகடை அவற்றின் விதியைத் தீர்மானிக்கின்றது.

ஆயிரமாயிரமாய் ஒரே அச்சில் வெளிவந்த காரை ஒருவர் தமதாக்கிக்கொள்வது வண்ணத்தினாலேயே. அடிப்புறத்து ஆணியைத் துளைத்துக் கழற்றி, உடலைச் சவர்க்காரத்தாற் கழுவி, முதலில் அடிப்பூச்சு இடுவர். அதன்மேல் அணியின் நிறத்தை இரண்டு மூன்று மெல்லிய பூச்சுக்களாக ஏற்றுவர். ஒரே தடித்த பூச்சு கதவின் கோடுகளையும் சாளர விளிம்புகளையும் மறைத்துவிடும். பின்னர் நீர்த்த கருவண்ணத்தை இடுக்குகளில் ஓடவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர்நிறம் எடுத்து மேடுகளில் உரசுவர். இலக்கமும் சின்னமும் இறுதியில் இடம்பெறும். முற்காலத்து வண்ணங்கள் பலவற்றிற் கலந்திருந்த ஈயம் குழந்தைகளுக்கு நஞ்சென அறியப்பட்டமையால், 1978இல் ஐக்கிய அமெரிக்கா அத்தகைய வண்ணம் பூசிய விளையாட்டுப் பொருட்களைத் தடைசெய்தது. இன்று பெரும்பாலும் நீரிற் கரையும் வண்ணங்களே வழங்குகின்றன.

இக்கலையில் கடினமானது புதுமையைத் தீட்டுவதன்று, பழைமையைத் தீட்டுவதே. துருவின் இயல்பை அறியப் புத்தளம் மாவட்டத்துக் கண்டக்குழி போன்ற கடற்கரை ஊரினும் தக்க பள்ளி வேறில்லை. உப்புக்காற்றில் நிற்கும் இரும்பு எங்கும் ஒருசேரத் துருவேறுவதில்லை. விளிம்பிலும், ஆணித்தலையிலும், பூச்சு உரிந்த இடத்திலுமே துரு தொடங்கும். பழந்துரு கரிய கபிலமாகவும், புதுத்துரு செம்மஞ்சளாகவும் இருக்கும். மழைநீர் அதனைக் கீழ்நோக்கிக் கோடாக இழுத்துச் செல்லும். தீட்டுவோர் கபிலத்தை முதலிலிட்டு, செம்மஞ்சளை அதன்மேற் பஞ்சினால் ஒற்றுவதன் காரணம் இதுவேயாம். ஈரங்கொண்ட அக்காற்றே மெருகெண்ணெயை விசிறும்போது வெண்படலம் படரச்செய்து உழைப்பைக் கெடுத்துவிடுதலும் உண்டு.

ஆயின், அக்கரை கற்பிப்பது துருவின் இயல்பை மட்டுமன்று. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலேயே புகலடைந்தனர்; மன்னாரிலிருந்து படகேறிக் கல்பிட்டிக் கரையில் இறங்கியோரும் பலர். யார் எவர் பக்கம் என்ற கேள்வி அங்கு வண்ணத்தினால் எழுந்ததன்று, பிறப்பினால் எழுந்தது. பகடையை மீண்டும் உருட்டி அதனை மாற்றவும் இயலவில்லை. 2009இற் போர் முடிந்த பின்னரும் அவர்களிற் பலர் அம்மாவட்டத்திலேயே வாழ்ந்து வந்தனர். போரைக் கண்ட நாட்டிற் போர் விளையாட்டு வேண்டுமா என வினவுவோரின் வினா புறக்கணிக்கத்தக்கதன்று.

அவ்வினாவுக்கு வரலாறு தரும் விடை ஒன்றுண்டு. கொன்ஸ்தாந்திநோபிளில் நிறம் மனிதர்மேற் பூசப்பட்டது. மேசையிலோ அது காயின்மேற் பூசப்படுகின்றது. இவ்வேறுபாடு மறக்கப்படும்போதே விளையாட்டு போராகின்றது. ஆட்டம் முடிந்ததும் சிவப்பும் நீலமும் ஒரே பெட்டியுள் அடங்கும். தோற்ற காரின் கீறலை அதன் உரிமையாளர் மறுநாள் தூரிகைகொண்டு சீர்செய்வார். ஏறிச் செல்லவியலாத தேரைக் கையால் ஈர்த்து மகிழ்ந்த குறுந்தொகைச் சிறுவரின் இன்பம், எவரையும் வருத்தாத இன்பமாகும். அவ்வின்பத்தின் எல்லையை அறிந்து ஆடும்வரை, மேசைமீது ஓடும் சிறுகாரும் சிறுதேரின் வழித்தோன்றலே எனத் துணியலாம்.