கிறிஸ்துமஸ் மாயக்கதை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு தொடங்கி ஜனவரி 6ஆம் நாள் திருக்காட்சிப் பெருவிழா வரையிலான நாட்களில் நிகழும் சிறுகதை வகை. ஆவியோ பூதமோ பேசும் விலங்கோ இடையில் வந்து நுழையும்; முடிவு பெரும்பாலும் நல்லபடியாக அமையும். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அச்சில் உருப்பெற்றது. வெளியே பனி, உள்ளே கணப்பு, மேசையில் சாப்பாடு ஆகிய மூன்றும் ஏறத்தாழ எல்லாக் கதைகளிலும் உண்டு. பேய்க்கதையிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது வருகிற ஆவியின் நோக்கம். இங்கே ஆவி பழிவாங்க வருவதில்லை. திருத்தவோ துணை நிற்கவோ வருகிறது. ஆயினும் இரண்டுக்கும் இடையிலான கோட்டை எல்லா எழுத்தாளரும் மதித்தார்கள் என்று சொல்ல முடியாது.

தோற்றம்

நீண்ட இரவுகளில் கணப்பைச் சுற்றி அமர்ந்து கதை சொல்லும் வழக்கம் அச்சுக்கு மிக முந்தியது. வாய்மொழியாகச் சொன்னவை பெரும்பாலும் பதிவாகவில்லை. ஐஸ்லாந்தின் கிரெட்டிர் சாகாவில் ஓர் இடையன் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இறந்து, பின் பேயாய்த் திரிகிறான். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ‘சர் கவேனும் பச்சை வீரனும்’ என்ற ஆங்கிலக் காவியம், ஆர்தர் மன்னன் அவையின் புத்தாண்டு விருந்துக்கு நடுவே ஒரு மாய வீரனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. கிறிஸ்தவத்துக்கு முந்தைய யூல் திருநாளின் எச்சமே இவ்வழக்கம் என்பர் சிலர். விக்டோரியா காலத்தவர் தங்கள் கற்பனையைப் பழமையின் மேல் ஏற்றினர் என்பர் வேறு சிலர். இரண்டுக்கும் ஓரளவு சான்று உண்டு. 1647இல் ஆங்கிலேய நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே தடைசெய்தது. 1660இல் முடியாட்சி மீண்ட பிறகு பண்டிகை திரும்பியது.

ஜெர்மன் எழுத்தாளர் எ. தி. அ. ஹாஃப்மன் 1816இல் வெளியிட்ட ‘நட்கிராக்கரும் எலியரசனும்’ இவ்வகையின் முதல் பெரிய படைப்பாகக் கருதத்தக்கது. தம் நண்பர் ஹிட்ஸிக்கின் குழந்தைகளுக்காக அவர் எழுதிய கதை இது. கொட்டை உடைக்கும் மரப்பொம்மை நள்ளிரவில் உயிர்பெற்று ஏழுதலை எலியோடு போரிடுகிறது. அலெக்சாந்தர் துய்மா 1844இல் இதை பிரெஞ்சில் மறுபடி சொன்னார். 1892இல் மேடையேறிய சைக்காவ்ஸ்கியின் பாலே நடனம் துய்மாவின் வடிவத்தையே பின்பற்றியது. மூலக்கதையின் இருளும் கேலியும் பாலேயில் வெகுவாகக் குறைந்துவிட்டன.

அமெரிக்கரான வாஷிங்டன் இர்விங் 1820இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கட்டுரைகளில் மாயம் இல்லை. ஆனால் பழைய மாளிகை, விருந்து, இரவில் பேய்க்கதை கேட்கும் கூட்டம் என்ற பின்புலம் முழுமையாக அங்கே இருக்கிறது. 1823இல் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரின் செய்தித்தாள் ஒன்றில் பெயரின்றி வெளியான ‘புனித நிக்கலாஸின் வருகை’ என்ற கவிதை, கலைமான்கள் இழுக்கும் வண்டியில் வரும் சான்டாவைப் புகழ்பெறச் செய்தது. அதை எழுதியவர் கிளமென்ட் மூர் என்பது பொதுக் கருத்து; ஹென்றி லிவிங்ஸ்டன் என்போரும் உண்டு.

டிக்கன்ஸ் காலம் (1836–1867)

இவ்வகையைப் பற்றிய சான்றுகளில் பெரும்பகுதி சார்லஸ் டிக்கன்ஸைச் சார்ந்தது. 1836 இறுதியில், ‘பிக்விக் பேப்பர்ஸ்’ தொடரின் நடுவே அவர் ஒரு கிளைக்கதை எழுதினார். கிறிஸ்துமஸ் இரவிலும் சிடுசிடுத்தபடி கல்லறைக் குழி தோண்டும் கேப்ரியல் கிரப் என்பவனைப் பூதங்கள் நிலத்துக்கடியில் இழுத்துச் சென்று, பிறர் வாழ்வைக் காட்சிகளாகக் காட்டித் திருத்துகின்றன. ஏழாண்டு கழித்து வந்த புகழ்பெற்ற நூலின் கரு முழுவதும் இதில் இருக்கிறது.

1843 அக்டோபரில் மான்செஸ்டர் நகரில் உரையாற்றச் சென்ற டிக்கன்ஸ், தொழில் நகரத்து ஏழைகளின் கல்வியையும் நிலையையும் எண்ணியபடி லண்டன் திரும்பினார். ஏறத்தாழ ஆறு வாரங்களில் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ எழுதி முடிந்தது. ஊர் உறங்கிய பின் லண்டன் தெருக்களில் பல மைல் நடந்தபடி அதை மனத்தில் கட்டியதாக அவரே ஒரு கடிதத்தில் குறித்திருக்கிறார். டிசம்பர் 19இல் சாப்மன் அண்ட் ஹால் வெளியிட்டது. முதல் அச்சின் 6,000 படிகளும் பண்டிகைக்குள் தீர்ந்தன. ஜான் லீச்சின் படங்களில் நான்கு கையால் வண்ணம் தீட்டப்பட்டவை; ஏட்டின் விளிம்பில் பொன்பூச்சு. இத்தனை அலங்காரத்தோடு விலையை ஐந்து ஷில்லிங்குக்கு மேல் போகவிடாமல் டிக்கன்ஸ் பிடித்து நிறுத்தினார். ஆயிரம் பவுண்டு எதிர்பார்த்தவருக்கு முதல் அச்சில் கிடைத்தது 230 பவுண்டு அளவே. மலிவான திருட்டுப் பதிப்பு ஒன்றின் மீது 1844 ஜனவரியில் வழக்குத் தொடுத்து வென்றார். எதிர்த்தரப்பு திவாலாகிவிட, வழக்குச் செலவு ஏறத்தாழ 700 பவுண்டு அவர் தலையிலேயே விழுந்தது. கதையில் எழுத்தர் பாப் கிராட்சிட்டின் வாரக் கூலி 15 ஷில்லிங். தன் கதை அச்சான நூலை வாங்க அவர் ஒரு வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்திருக்க வேண்டும்.

கருமியான ஸ்க்ரூஜிடம் இறந்துபோன கூட்டாளி மார்லியும், பின்னர் மூன்று ஆவிகளும் வருவது பலரும் அறிந்த கதை. மார்லியின் உடலைச் சுற்றிய சங்கிலி பணப்பெட்டி, சாவி, பூட்டு, கணக்குப் பேரேடு ஆகியவற்றால் ஆனது. ஆனால் ஆவிகளைக் காட்டிலும் கிராட்சிட் வீட்டுச் சாப்பாடுதான் இவ்வகைக்கு அடித்தளம் இட்டது எனலாம். அக்கால ஏழை வீடுகளில் இறைச்சியை வாட்டும் அடுப்பு பெரும்பாலும் இல்லை. வாத்தை ரொட்டிக்கடைக்காரரின் அடுப்பில் கொடுத்து வாட்டி வாங்குகிறார்கள். புட்டிங்கைத் துணியில் கட்டி, துணி வெளுக்கும் செம்பு அண்டாவில் வேகவைக்கிறார்கள். அது வெந்து வரும்போது வீட்டில் சலவை நாளின் வாசனை அடிக்கிறது. ரொட்டிக்கடைக்கு ஏழைகள் சுமந்து செல்லும் பாத்திரங்களின் மேல் நிகழ்கால கிறிஸ்துமஸின் ஆவி தன் தீப்பந்தத்திலிருந்து நறுமணம் தூவிச் செல்கிறது. பின்வந்த நூற்றுக்கணக்கான கதைகளில் ஆவிகளைப் பின்பற்றியவர் பலர். அந்தப் பாத்திரங்களின் மேல் விழுந்த பார்வை சிலருக்கே வாய்த்தது.

தொடர்ந்து ‘தி சைம்ஸ்’ (1844), ‘தி கிரிக்கெட் ஆன் த ஹார்த்’ (1845), ‘தி பேட்டில் ஆஃப் லைஃப்’ (1846), ‘தி ஹாண்டட் மேன்’ (1848) வந்தன. முதலாவது ஜெனோவாவில் எழுதப்பட்டது. தேவாலய மணிகளின் ஆவிகள் கிழச் சுமைத்தூக்கி டிராட்டியோடு பேசுகின்றன. இரண்டாவதில் கணப்படியில் கீச்சிடும் சிள்வண்டே வீட்டின் காவல் தெய்வம். கொதிக்கும் கெட்டிலும் அதுவும் போட்டி போட்டுப் பாடும் தொடக்கம் இவ்வகையின் மிக இதமான பக்கங்களுள் ஒன்று. 1846ஆம் ஆண்டு நூலில் மாயம் எதுவும் இல்லை.

1850இல் ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழைத் தொடங்கியதும் டிக்கன்ஸ் நூலை விட்டு இதழின் பண்டிகைச் சிறப்பிதழுக்கு மாறினார். நம் தீபாவளி மலரைப் போல, பலர் எழுதிய கதைகளை ஓர் ஏட்டில் திரட்டும் முறை அது. எலிசபெத் காஸ்கெல்லின் ‘தி ஓல்ட் நர்ஸஸ் ஸ்டோரி’ 1852ஆம் ஆண்டு இதழில் வந்தது. அது இதத்தைவிட அச்சத்தின் பக்கமே சாய்கிறது. 1860களில், அவரது அடுத்த வார இதழான ‘ஆல் த இயர் ரவுண்ட்’டின் சிறப்பிதழ்கள் இரண்டு லட்சம் படிகளைத் தாண்டின. எங்கு பார்த்தாலும் போலிகள் பெருகவே 1867க்குப் பின் டிக்கன்ஸ் அவற்றை நிறுத்தினார். 1853 டிசம்பரில் பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் தொடங்கிய அவரது பொது வாசிப்புகளிலும், 1870 மார்ச்சில் லண்டனில் விடைபெற்ற கடைசி வாசிப்பிலும் கேரல் இடம்பெற்றது.

ரஷ்யாவும் வட நாடுகளும்

நிக்கலாய் கோகொலின் ‘கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு’ (1832) டிக்கன்ஸுக்கு முந்தியது. உக்ரைனின் திகான்கா கிராமத்தில் நடக்கிறது. சாத்தான் நிலவைத் திருடிப் பையில் போட்டுக்கொள்கிறது. கொல்லன் வக்கூலா அதே சாத்தானின் முதுகில் ஏறி, காதலி கேட்ட அரசியின் காலணிக்காகத் தலைநகருக்குப் பறக்கிறான். இடையே ஒரு மந்திரவாதி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்க, வரேனிக்கி கொழுக்கட்டைகள் தாமாகப் புளித்த பாலேட்டில் புரண்டு வாய்க்குள் குதிக்கின்றன. நிக்கலாய் லெஸ்கோவ் 1885இல் ‘முத்துமாலை’ என்ற கதையில் இவ்வகைக்கு இலக்கணமே வகுத்தார்: கிறிஸ்துமஸுக்கும் திருக்காட்சிக்கும் இடையில் நிகழவேண்டும், சற்றே மாயம் கலந்திருக்கவேண்டும், ஒரு நீதி இருக்கவேண்டும், மகிழ்ச்சியாக முடியவேண்டும். சோவியத் காலத்தில் மதப் பண்டிகை நீங்கி, அதன் இடத்தைப் புத்தாண்டு பிடித்தது. சாமுயில் மர்ஷாக்கின் ‘பன்னிரு மாதங்கள்’ நாடகம் அவ்வழி வந்தது.

ஸ்வீடனில் விக்டர் ரிட்பெரி, செல்மா லாகர்லெவ் இருவரும் இவ்வகையில் எழுதினர். ஃபின்லாந்தின் தூவே யான்சன் 1962இல் வெளியிட்ட தொகுப்பிலுள்ள ‘தேவதாரு மரம்’ தனித்துக் குறிப்பிடத்தக்கது. குளிர்காலம் முழுவதும் உறங்கும் மூமின் என்னும் கற்பனை உயிர்களின் குடும்பத்தை யாரோ எழுப்பி, கிறிஸ்துமஸ் வருகிறது என்கிறார்கள். வருவது ஏதோ ஒரு பயங்கர உயிர் என்று நினைத்து, அதன் பசியாற்றச் சோறும் பொருளும் மரத்தடியில் வைக்கிறார்கள். அவற்றை ஏக்கத்தோடு பார்க்கும் ஒரு சின்னஞ்சிறு பிராணியின் குடும்பத்துக்கு எல்லாம் போய்ச் சேர்கிறது. மதமோ போதனையோ இல்லாமல் பண்டிகையின் பொருளைச் சொல்லிவிடும் இக்கதை டிக்கன்ஸுக்கு நிகராக வைக்கத்தக்கது.

பிற்காலம்

டோல்கீன் 1920 முதல் 1943 வரை கிறிஸ்துமஸ் தாத்தாவின் பெயரில் தம் பிள்ளைகளுக்குப் படங்களோடு எழுதிய கடிதங்கள் 1976இல் நூலாயின. அஞ்சல்தலைகளையும் அவரே வரைந்தார். வடதுருவக் கம்பத்தில் ஏறி அதை முறித்து, தாத்தாவின் வீட்டுக் கூரை வழியாக விழும் வெள்ளைக் கரடி அவற்றின் நாயகன் எனலாம். சி. எஸ். லூயிஸின் முதல் நார்னியா நாவலில் (1950) கிறிஸ்துமஸ் தாத்தா வருவது பொருந்துமா என்ற விவாதம் உண்டு. அவர் பீவர் அம்மாளுக்குத் தையல் இயந்திரம் தருவதையும் பயணிகளுக்குச் சூடான தேநீர் வரவழைப்பதையும் வைத்து, பொருந்தும் என்போரும் உண்டு. கானி வில்லிஸின் ‘மிராக்கிள்’ என்ற கிறிஸ்துமஸ் கதைத் தொகுப்பு 1999இல் வந்தது.

டிராவிஸ் பால்ட்ரீயின் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ (2022) நாவலுக்குப் பின் ‘கோஸி ஃபேன்டஸி’ (இதமான மாயக்கதை) என்ற பெயர் பரவியது. அப்பெயரில் வரும் குளிர்காலக் கதைகள் சிலவற்றில் கிறிஸ்துமஸுக்குப் பதிலாகக் கற்பனை உலகின் சொந்தத் திருநாள் ஒன்று இடம்பெறுகிறது.