பத்திரிகைக் கட்டும் வெள்ளை மாளிகையும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தனுஷ்கோடி ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போகத் தொடங்கியது. நாளிதழ்க் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்தே வீசிவிடுவார்கள். அவற்றை எடுத்துச் சேர்க்க உதவிய சிறுவன், மசூதித் தெருவில் வசித்த ஜெயினுலாப்தீன் மரைக்காயரின் மகன் அப்துல் கலாம். ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் நடத்திய போர் அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்த வழி இது. பிற்காலத்தில் வாஷிங்டன் எடுத்த முடிவுகள் பல அந்தச் சிறுவனின் வாழ்வோடு நேராகப் பின்னிக்கொண்டன.

1961 மே மாதம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நிலவில் மனிதனை இறக்குவோம் என்றார் கென்னடி. அவர் காலத்து நாசா, இந்தியாவுக்கும் கைகொடுத்தது. அப்போது பொறியாளராகியிருந்த கலாம், ராக்கெட் பயிற்சிக்காக அமெரிக்கா போனார். வாலப்ஸ் ஏவுதளத்தின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியம் அவரை நிறுத்தியது: திப்பு சுல்தானின் படை ஆங்கிலேயர் மீது ராக்கெட் வீசும் காட்சி. திப்புவின் மண் மறந்ததை அந்நிய நாடு நினைவில் வைத்திருக்கிறதே என்று பூரித்துப்போனார்.

1963 நவம்பர் 21 மாலை, கேரளத்தின் தும்பா ஏவுதளத்திலிருந்து நாசா தந்த நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பியது. அதற்குச் சற்று முன் கிரேன் கசிந்து மக்கர் செய்ய, கலாமும் சகாக்களும் கைபலத்தாலேயே ராக்கெட்டைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் டல்லாஸில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்.

கைகொடுத்த நாடே பிறகு கதவையும் சாத்தியது. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்ததும் கிளிண்டன் தடைகள் விதித்தார். கலாம் தலைமை வகித்த பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. 2001இல் பொருளாதாரத் தடைகளை நீக்கிய புஷ், 2006 மார்ச்சில் டெல்லி வந்தபோது அவரை வரவேற்ற குடியரசுத் தலைவர் அதே கலாம்!

புஷ் பெரிதும் விரும்பிய இந்திய-அமெரிக்க அணுசக்தி உடன்பாடு 2008இல் மன்மோகன் சிங் அரசையே ஆட்டம் காண வைத்தது. இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். தயங்கி நின்ற சமாஜ்வாதி தலைவர்கள், பதவியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த கலாமைத் தேடிப் போய் யோசனை கேட்டார்கள். நாட்டுக்கு நல்லது என்றார் அவர். அந்தக் கட்சி அரசின் பக்கம் வந்தது. ஜூலை 22 அன்று 275-256 என்ற கணக்கில் அரசு பிழைத்தது. அமெரிக்க அதிபர்கள் நம் நாட்டின் போக்கைத் திருப்பிய கதைகள் ஏராளம். ராமேஸ்வரத்துக்காரர் ஒருவரின் சொல், அமெரிக்க அதிபர் ஒருவரின் பெருமுயற்சி கரைசேரத் துணைநின்ற கதை இது. நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

2015 ஜூலையில் கலாம் மறைந்தபோது, ஒபாமா தம் இரங்கல் செய்தியில் அவருடைய பழைய அமெரிக்கப் பயணத்தையும் நாசா உறவையும் நினைவுகூர்ந்தார். ஜூலை 30 அன்று, தங்கச்சிமடத்தை அடுத்த பேய்க்கரும்பில் கலாம் நல்லடக்கம் செய்யப்பட்டார்.